சூசை, அந்த ஷட்டல் உள்ளேதான் விழுந்தது

என் மச்சான் சூசைக்கு, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுத்துக் கேள்.

எனக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது என்று உனக்குத் தெரியும். சம்பளத் தாளில் நான் கட்டைவிரலை அழுத்தும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தவன் நீ. இப்போது நான் சொல்லச் சொல்ல உன் மகள் பிலோமினா எழுதுகிறாள். உன் நினைவுநாளுக்குப் பேப்பரில் படம் போட்டு, கீழே நாலு நல்ல வரி போடலாமா மாமா என்று கேட்டாள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? கடிதமாகவே போடு, ஊரே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லப் போவதைத் தனியாகச் சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோரிஸ் ரோட்டில் ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமாரோடு ஆடிய பூப்பந்து ஆட்டத்தில், கடைசி ஷட்டல் உள்ளேதான் விழுந்தது.

பிலோமினா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா அவுட்டுன்னுதான் சொன்னாரு மாமா. சாகுற வரைக்கும் அதேதான் சொன்னாரு."

"நீ அப்போ எட்டாவது படிச்சுக்கிட்டு இருந்த. கோட்டு மேல நின்னவன் நானா, நீயா? எழுதும்மா."

எழுதுகிறாள். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள். அப்படியே உன் முகம்.

படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். துறைமுகத்தில் நீ கப்பல் மேல்தட்டில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டுவாய். நான் கீழே நின்று, இறங்கி வருகிற மூட்டையையும் இரும்பையும் பிடித்துத் திருப்பி வைப்பேன். நீ "பிடி" என்றால் பிடிப்பேன். "விடு" என்றால் விடுவேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இன்றைக்கு என் பத்து விரலும் பத்திரமாக இருக்காது. நம் கூட்டத்தில் எத்தனை பேருக்கு விரல் போயிற்று என்று நமக்குத்தான் தெரியுமே.

அந்தப் பழக்கத்தை நாம் சாயங்காலம் பூப்பந்து ஆடுகிற இடத்துக்கும் கொண்டுவந்தோம். அதுதான் வினை. நோரிஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் கோடு போட்டவன் நீ. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் மிச்சம் மீதியை வாங்கி வந்து, முழங்கால் போட்டு, கயிறு பிடித்து நேராகப் போட்டாய். பொங்கல் வந்தால் நமக்கும் ஆபீஸ் கிராணிமாருக்கும் போட்டி. அந்த வருஷம் காலையில்தான் கோட்டை மறுபடியும் வெள்ளை அடித்தாய். ஈரம் காயவில்லை என்று நான் சொன்னேன். காய்ந்துவிடும் என்றாய்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. பதினைந்து எடுத்தவன் ஜெயித்தான், சர்வீஸ் போடுகிறவனுக்குத்தான் பாயிண்ட். கிராணிமார் பதினாலு, நாம் பன்னிரண்டு. சர்வீஸ் அவர்கள் கையில், அதை வாங்குகிற இடத்தில் நான். கண்ணாடி போட்ட அந்த உயரமான கிராணி, தாழ்வாகப் போடுவது மாதிரி பாவனை காட்டிவிட்டு என் தலைக்கு மேல் தூக்கி அடித்தான். நான் பின்னால் போய்விட்டேன். கையும் உயர்ந்துவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது. "விடு மாரி, அவுட்டு."

விட்டேன்.

விழுந்தது கோட்டின் மேல், கோட்டில் பட்டாலும் உள்ளே என்றுதான் கணக்கு; தோற்றோம். நீ போட்ட கோடு. ஷட்டலை எடுத்துப் பார்த்தால் அடியிலுள்ள தக்கையில் வெள்ளைப் பெயிண்ட். நீ என்ன சொன்னாய்? நான் எடுக்கும்போது கோட்டில் தேய்த்துவிட்டேன் என்றாய். மச்சான், வெட்கமாக இல்லையா உனக்கு?

அதற்குப் பிறகு நான் பட்டது உனக்கே தெரியும். கேண்டீனில் காப்பிக்கு நின்றால் பின்னாலிருந்து ஒரு கிராணி, "விடு மாரி, அவுட்டு" என்பான். சம்பளம் வாங்கப் போனால் கண்ணாடிக்காரன் பணத்தை நீட்டிவிட்டு, "வாங்கிக்கறீங்களா, விட்டுர்றீங்களா?" என்பான். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரன்கூடச் சொன்னான். உன்னை ஒருவனும் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னவன் நீ, விட்டவன் நான்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி ஒரு ஷட்டலையும் விடுவதில்லை. உள்ளேயோ வெளியேயோ, எவன் என்ன கத்தினாலும், எதிராளியின் ராக்கெட்டை விட்டுக் கிளம்பின உடனே பாய்ந்து அடித்துவிடுவது. நீ வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட்டால் நீ எப்படி விடச் சொல்வாய்? அப்படித்தான் அதற்குப் பிறகு ஆடினேன். "ஏண்டா பறக்குற, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று நீ கேட்பாய். நான் பதில் சொல்லமாட்டேன். அதுதான் பதில்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து அருகில் இழுத்தாய். ஏதோ முக்கியமான சேதி, குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறாய் என்று நான் குனிந்தேன். "அது அவுட்டுதான் மச்சான்" என்றாய். அப்படி ஒரு மனுஷனை நான் இனி எங்கே போய்த் தேடுவேன்?

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். நாங்கள் உட்லண்ட்ஸ் பக்கம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். உன் வீட்டாரும் இரண்டு புளோக் தள்ளித்தான். தேக்கா மார்க்கெட்டையும் எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உன் ஆட்டுக்கறிக்காரர் இன்னும் எலும்பைத்தான் அதிகம் போடுகிறார். புளோக்குக்குப் பின்னால் பூப்பந்துத் தரை இருக்கிறது, விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஆடுகிற வழக்கம் எல்லாம் நம் வழக்கம்தான். வருகிறவர்கள் ராக்கெட்டைக் கம்பத்தடியில் வரிசையாக வைக்க வேண்டும். தோற்றவர்கள் இறங்குவார்கள், வரிசையில் அடுத்த ராக்கெட்டுக்காரர்கள் ஏறுவார்கள். ஜெயித்தவர்கள் நின்று ஆடலாம். மலாய்க்காரர், சீனர், நம் ஆள் என்று எல்லாரும் வருவார்கள். அறுபதை நெருங்கினவர்கள் நாங்களே ஏழெட்டுப் பேர். பிலோமினா தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்து எனக்கு ஜோடியாக ஆடுவாள். இங்கே அவளைவிட நன்றாக ஆடுகிறவர்கள் குறைவு. உனக்கு வராத பேக்ஹாண்ட் அவளுக்கு வருகிறது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஜெயபால் அந்த சர்வீஸைக் கற்றுக்கொண்டு வரும்வரை.

நீ பார்த்ததில்லை. உன் காலத்துக்குப் பிறகு வந்தது. எஸ் சர்வீஸ் என்கிறார்கள். ஷட்டலைத் தலைகீழாகப் பிடித்து, இறகுப் பக்கத்தை ராக்கெட்டால் உரசி விடுகிறான். அது குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு வருகிறது. ஒரு நொடி இறகைக் காட்டும், மறு நொடி தக்கையைக் காட்டும். வலையைத் தாண்டினதும் பொத்தென்று கீழே இறங்கிவிடும். வழக்கம் போல நான் பாய்ந்தேன். ராக்கெட்டின் கட்டையில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது. மறுபடியும் பாய்ந்தேன். பக்கத்துத் தரைக்குப் போயிற்று. எத்தனை பாய்ந்தாலும் இதே கதி. முன்பெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க நின்று ஆடுகிற நான், ஏறின வேகத்தில் இறங்க ஆரம்பித்தேன். என் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் அதே கதை. எங்கள் ராக்கெட்டுகள் வரிசையில் இருந்த நேரம்தான் அதிகம்.

ஜெயபால் கெட்டவன் இல்லை. முப்பது வயசு, லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். இந்தத் தரைக்கு விளக்குப் போட நடையாய் நடந்தவன் அவன்தான். ஒருநாள் என் தோளில் கை போட்டுக்கொண்டு, இங்கத்துப் பிள்ளைகள் மாதிரி பேச்சுக்கு 'லா' சேர்த்துச் சொன்னான்.

"அங்கிள், ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. ஈவினிங் நாங்க போட்டிக்குப் பிராக்டிஸ் பண்றோம். பெரியவங்க எல்லாரும் சண்டே காலையில வாங்க லா. வெயில் இருக்காது, ஆள் இருக்காது, நிம்மதியா தட்டிக்கிட்டு இருக்கலாம்."

"தட்டிக்கிட்டா?"

"உங்க நல்லதுக்குத்தான் அங்கிள். விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா நான் எந்திரிப்பேன். நீ ஏன் பதில் சொல்ற?"

அவன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு வரிசையில் இருந்த என் ராக்கெட்டை யாரோ எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள், கீழே ஒரு துணியை விரித்து. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராக்கெட்டை எடுத்துத் திரும்பவும் வரிசையில் வைத்தேன்.

"தம்பி, ஒரு கேம். நீயும் உன் கூட்டாளியும். இந்தப் பக்கம் நானும் சூசை மகளும். நாங்க தோத்தா பெருசுங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை காலையில வர்றோம், வாயைத் திறக்க மாட்டோம். ஜெயிச்சா, எல்லார் ராக்கெட்டும் இந்த வரிசையில இருக்கும். எந்த ராக்கெட்டையும் எவனும் நகர்த்தக் கூடாது."

"அங்கிள், சீரியஸாவா?"

"அடுத்த மாசம் வச்சுக்குவோம். என் முதுகுவலி போகட்டும்."

முதுகுவலி ஒன்றும் இல்லை. அந்த சர்வீஸை வாங்கப் படிக்க வேண்டும், அதற்குத்தான். பிலோமினா வீடு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மற்ற பெருசுகளைக் கேட்காமல் அவர்கள் ஆட்டத்தையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டேனாம். வைத்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். அவர்கள் பாதிப் பேர் மனசில் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பயிற்சி. அங்கே காற்று வராது. இரண்டு தூணுக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினோம், அதுதான் வலை. பிலோமினா ஜெயபாலைப் பார்த்துப் பார்த்து அந்த சர்வீஸைப் பழகிக்கொண்டாள். அவள் போடுவாள், நான் பாய்வேன், கட்டையில் படும். அவள் போடுவாள், நான் பாய்வேன், தூணில் படும்.

"மாமா, ஏன் அவசரப்படுறீங்க?"

"உங்கப்பனாலதான்."

"அப்பா என்ன பண்ணாரு?"

தலையைத் துடைத்துக்கொண்டு ஒரு மணை மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதுதான் துறைமுகம் ஞாபகம் வந்தது. கிரேனிலிருந்து இறங்கி வருகிற இரும்புக்கட்டு சுற்றிக்கொண்டே வரும் இல்லையா? சுற்றும்போது கை வைக்கிறவன் விரலை இழப்பான். நாம் என்ன செய்வோம்? கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நிற்போம். அது தன் சுற்றைச் சுற்றி முடிக்கும். ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்கும். அப்போது கை வைத்தால் குழந்தை மாதிரி வரும். வாழ்நாளெல்லாம் அதைச் செய்தவன், இந்தச் சின்ன இறகுக்கு முன்னால் ஏன் பாய்ந்துகொண்டிருக்கிறேன்?

எழுந்தேன். வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து அரையடி பின்னால் போனேன். தலைக்கு மேல் தூக்கியிருந்த ராக்கெட்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கினேன். பிடியைத் தளர்த்தினேன். போடு என்றேன். வந்தது, ஆடியது. பாய் பாய் என்று கால் கெஞ்சியது. பாயவில்லை. ஆடி முடித்துத் தக்கை என் பக்கம் திரும்பியது. அப்போது கீழேயிருந்து மெல்லத் தள்ளினேன், குத்தவில்லை. நீளமாகப் போய் அவளுக்குப் பின்னால், தூணோரம் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள்.

குத்தி ஜெயிக்கிற ஆட்டமில்லை அது, மச்சான். திருப்பி நீளமாக அனுப்பிவிட்டு, அடுத்த அடிக்குத் தயாராக நடுவுக்கு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுக்கே ஒரு மாதம் ஆயிற்று. கை கற்றுக்கொண்டது, கால்தான் கேட்கவில்லை.

ஆட்டத்தன்று ஜெயபால் போட்ட முதல் சர்வீஸை நான் நிதானமாக வாங்கிப் பின்மூலைக்கு அனுப்பியபோது, அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டாளி திரும்பி, "என்னடா ஆச்சு?" என்றான். "காத்து" என்றான் ஜெயபால். காற்றே இல்லை.

இருந்தாலும் வயசு என்று ஒன்று இருக்கிறதே. பாதி ஆட்டத்துக்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் என்னையே குறிவைத்து ஓடவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெருசுகள் நுனிக்கு நகர்ந்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவர்கள் பதினாலு, நாங்கள் பன்னிரண்டு. சர்வீஸ் ஜெயபால் கையில். வாங்குகிற இடத்தில் நான்.

சூசை, நீ அங்கே இருந்தாயா? இருந்து இதையெல்லாம் ஏற்பாடு செய்தது நீயா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான் அரையடி பின்னால் நின்றேன், ராக்கெட் தாழ்வாக. ஜெயபால் ஷட்டலைத் தலைகீழாகப் பிடித்தான். பிடித்தவன் கடைசி நேரத்தில் திருப்பி, என் தலைக்கு மேல் தூக்கி அடித்தான். அதே அடி. நான் பின்னால் போய்விட்டேன். இப்போதெல்லாம் காத்திருக்கப் பழகியவன் இல்லையா, காத்திருந்தேன். முன்பு போலப் பறந்து அடித்திருந்தால் எந்தக் குரலும் என்னை எட்டியிருக்காது. காத்திருந்த அந்த ஒரு மூச்சில்தான் குரல் வந்தது.

"விடுங்க மாமா, அவுட்டு."

உன் மகள். ஆனால் அது உன் குரல். அந்த நிச்சயம், அந்த அதட்டல், அப்படியே. என் கை தானாகத் தாழ்ந்தது, மச்சான். கப்பலில் எத்தனை வருஷம் கேட்டுப் பழகிய கை.

இல்லை. விடமாட்டேன்.

அடித்தேன். குதிக்கவில்லை, குதிக்கிற வயசா? நின்ற இடத்தில் நின்று, இரண்டு பேருக்கும் நடுவே நேராக அடித்தேன். இவன் எடுப்பான் என்று அவன் நின்றான், அவன் எடுப்பான் என்று இவன் நின்றான். நடுவில் விழுந்தது. சர்வீஸ் எங்கள் கைக்கு வந்தது.

"அது அவுட்டு மாமா" என்று பிலோமினா பல்லைக் கடித்தாள். "விட்டிருந்தாலும் சர்வீஸ் நமக்குத்தான் வந்திருக்கும்."

"நீ சர்வீஸைப் போடு."

போட்டாள். எதைப் போட்டாள் தெரியுமா? ஷட்டலைத் தலைகீழாகப் பிடித்தாள். ஜெயபால் அந்த சர்வீஸை ஊருக்கே போட்டிருக்கிறான், ஒருநாளும் எதிரே நின்று வாங்கியதில்லை. பாய்ந்தான். கட்டையில் பட்டது. அவன் கூட்டாளி பாய்ந்தான். வலையில் பட்டது. எங்களுக்கும் பதினாலு ஆனதும் பெஞ்சில் இருந்த பெருசுகள் எழுந்து நின்றுவிட்டார்கள். மறுபடியும் ஜெயபால் முறை. இந்தத் தடவை பாயக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் கால் கேட்க வேண்டுமே. எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, அவனுக்கு இரண்டு நிமிஷத்தில் வருமா?

பதினைந்து எங்களுக்கு. ஆட்டம் முடிந்து ஜெயபால் வந்து கை கொடுத்தான். "அங்கிள், அந்த ஹை சர்வீஸ் ஒண்ணு. நீங்க விட்டிருந்தா அது உள்ளதான் விழுந்திருக்கும்."

"அவுட்டு" என்றாள் பிலோமினா.

"கோட்டு மேல லா. அடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார்கள். இன்றைக்கு வரைக்கும் தீரவில்லை. இதை எழுதும்போதுகூட உன் மகள் தலையை ஆட்டுகிறாள். "அவுட்டுதான் மாமா, எழுதிட்டேன்" என்கிறாள். எழுதட்டும். அப்பனும் மகளும் ஒரு கட்சியாக இருங்கள்.

எனக்கு அதில் வழக்கே இல்லை. அது உள்ளே விழுந்திருக்குமா, வெளியே விழுந்திருக்குமா? அது விழவே இல்லையே. நான் அடித்துவிட்டேன். உன் ஷட்டல்தான் விழுந்தது. அதன் தக்கையில் இருக்கிற வெள்ளைப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. பிஸ்கெட் டின்னில் வைத்திருக்கிறேன், பார்க்க வேண்டும் என்றால் வந்து பார்.

அந்த எஸ் சர்வீஸை உலகம் முழுக்கத் தடை செய்யப் போகிறார்களாம், அப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது. பெருசுகளுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட பிறகு தடை என்றால் என்ன அர்த்தம்? போடுகிறவன் போடட்டும். நான் வாங்குகிறேன். இப்போது எங்கள் ராக்கெட்டுகள் சாயங்கால வரிசையில்தான் இருக்கின்றன. நேற்று ஜெயபாலின் ராக்கெட் என்னுடையதற்குப் பின்னால் இருந்தது. அவன் நகர்த்தவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், சூசை. நானும் ஒருநாள் அங்கே வருவேன். அவசரமில்லை, இங்கே எனக்கு ஆட்டம் இருக்கிறது. நீ அதற்குள் கோட்டைப் போட்டு வை, இந்தத் தடவை காயவிடு. வந்ததும் உன் பக்கத்திலேயே நிற்பேன், வேறு ஜோடி தேட மாட்டேன். நீயும் பழையபடி கத்து. நீ கத்துவதை முழுசாகக் கேட்பேன், கேட்டுவிட்டு அடிப்பேன்.

இப்படிக்கு,
உன் பேச்சை நம்பிப் பத்து விரலையும் காப்பாற்றிக்கொண்டு, ஒரே ஒரு ஷட்டலை மட்டும் விட்டுவிட்ட உன் மச்சான்
மாரிமுத்து